பழைய புல்லட்டின் பின்சட்டத்தை அறுக்க எண்ணும் அன்பர்களுக்கு

பழைய புல்லட் வண்டிகளைத் தேடிப் பிடித்து, அவற்றைத் தம் மனத்தில் தோன்றிய உருவுக்கு மாற்றியமைக்கும் ஆர்வம் கொண்ட இளம் நண்பர்களுக்கும், அவர்களுடைய விருப்பத்தை நிறைவேற்றிக் கொடுக்கும் பட்டறைத் தோழர்களுக்கும்,

அண்மைக் காலமாக உங்கள் கைவேலையை நான் பல இடங்களில் கண்டு வருகிறேன். ஆசனத்துக்குக் கீழே சட்டத்தை அறுத்து, இரண்டு ஷாக்குகளையும் ஸ்விங் ஆர்மையும் கழற்றி ஒதுக்கி, அவை இருந்த இடத்தில் அசைவற்ற குழாய் முக்கோணம் ஒன்றை வெல்டிங் செய்து, பின்சக்கரத்தை அதிலேயே இறுக்கிவிடுகிறீர்கள். வண்டி தாழ்ந்து, பெட்ரோல் டாங்கின் அடிவிளிம்பிலிருந்து பின்அச்சு வரை ஒரே சரிவாக இறங்கும் அந்தக் கோட்டில் மனத்தைப் பறிகொடுப்பது இயல்பே. அழகுணர்ச்சி உள்ள எவரும் அதைக் குற்றம் என்று சொல்லமாட்டார். ஹார்ட்டெயில் என்றும் பாபர் என்றும் நீங்கள் வழங்கும் அந்த வடிவம் அமெரிக்க மண்ணில் தோன்றி, உலகெங்கும் பரவி, இன்று சென்னைப் புதுப்பேட்டையின் பட்டறைச் சந்துகளிலும் குடியேறிவிட்டது. ஆயினும் அந்த வடிவத்தை நமது புல்லட்டின்மீது சுமத்தும்போது நாம் அறுத்தெறிவது எது என்பதை, அறுக்கும் சக்கரத்தை ஓடவிடுவதற்கு முன்னால் ஒருமுறை அமர்ந்து யோசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை வரைகிறேன்.

மாற்றமே கூடாது என்பது என் அபிப்பிராயம் அன்று. யந்திரத்தைத் தொழிற்சாலை தந்தபடியே பூஜித்து வைத்திருப்பதுதான் அபிமானத்தின் லக்ஷணம் என்று வாதிப்பவர்களோடு நான் சேர்ந்தவன் அல்லன். ஒரு வண்டி தன் சொந்தக்காரனின் உடலுக்கும் சாலைக்கும் ரசனைக்கும் ஏற்ப வளைந்துகொடுப்பது மோட்டார் சைக்கிளின் பிறப்பிலேயே உள்ள குணம். ஹாண்டில்பாரை மாற்றுங்கள், மட்கார்டைக் குறுக்குங்கள், டாங்குக்கு உங்கள் மனம்போல வர்ணம் தீட்டுங்கள். அவையெல்லாம் கழற்றி மாட்டக்கூடியவை. சட்டத்தை அறுப்பது அந்த வகையைச் சேர்ந்ததன்று. அதிலும் புல்லட்டின் பின்சட்டம் அதன் சரித்திரத்திலேயே மிக அருமையான பகுதி என்பதால், இந்த ஒன்றை மட்டும் தனியே எடுத்துப் பேச வேண்டியிருக்கிறது.

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் இருந்த என்ஃபீல்ட் கம்பெனியில் புல்லட் என்ற பெயர் 1930-களின் தொடக்கத்திலேயே வழங்கத் தொடங்கியது எனினும், நாம் அறிந்த புல்லட் பிறந்தது இரண்டாம் உலகப்போருக்குப் பின்னரே. அந்தக் காலத்து மோட்டார் சைக்கிள்களின் பின்புறத்தை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் பின்சக்கரம் சட்டத்தோடு அசைவின்றி இறுக்கப்பட்டிருந்தது. வில் வைக்க விரும்பிய கம்பெனிகளுள் சில அச்சின் இருபுறமும் செங்குத்தான உருளைகளை நட்டு, அவற்றுக்குள் சக்கரம் சில அங்குலம் மேலும் கீழும் நழுவுமாறு செய்தன. டிரையம்ப் கம்பெனியோ சக்கரத்தின் நடுக்குடத்துக்குள்ளேயே வில்லை அடைத்துப் பார்த்தது. சக்கரம் தாராளமாக ஊசலாடினால் மேடுபள்ளமான பாதையில் அதன் பிடிப்புப் போய்விடும் என்று அனுபவசாலிகளான பந்தய ஓட்டிகளே நம்பிய காலம் அது. அந்த நம்பிக்கைக்கு நேர் எதிராக, பின்சக்கரத்தை ஒரு கீலில் தொங்கவிட்டு, எண்ணெய் நிரம்பிய இரு ஷாக்குகளால் தாங்கவைத்த 350 சி.சி. புல்லட்டின் முன்மாதிரியை ரெட்டிச்சுப் பொறியாளர்கள் 1948-இல் களத்தில் இறக்கினார்கள். அவ்வாண்டு இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த சர்வதேச ஆறுநாள் போட்டியில் வெற்றி பெற்ற பிரிட்டிஷ் அணியில் இரண்டு புல்லட்டுகள் இடம்பெற்றன. அவற்றை ஓட்டிய விக் பிரிட்டனும் சார்லி ராஜர்ஸும் தங்கப் பதக்கம் பெற்றுத் திரும்பினார்கள். மறு ஆண்டு, 1949-இல், அவ்வமைப்பே விற்பனைக்கு வந்தது. 1952-இல் விக் பிரிட்டனின் மகன் ஜானி பிரிட்டன் ஸ்காட்லாந்தின் ஆறுநாள் போட்டியை ஒரு புல்லட்டின்மேல் அமர்ந்து வென்றபோது, வில் வைத்த பின்சக்கரம் பிடிப்பை இழக்கும் என்ற பழைய வாதத்துக்கு ஆதாரம் இல்லாமற் போயிற்று. இப்புதுமையைக் கண்டவர் ரெட்டிச்சுக்காரர் மட்டும் அல்லர் என்பது உண்மை. ஆனால் சாதாரண மனிதன் விலைகொடுத்து வாங்கக்கூடிய வண்டியில் அதைத் துணிந்து வைத்த மிகச் சிலருள் அவர்கள் முன்வரிசையில் நின்றார்கள்.

இந்தச் சரித்திரம் நமக்குத் தூரத்துச் செய்தி அன்று. 1955-இல் ரெட்டிச் கம்பெனியும் மதராஸ் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவை நிறுவின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. ஆரம்பத்தில் கப்பலில் வந்த உறுப்புகளைப் பொருத்திக்கொண்டிருந்த கைகள், சில ஆண்டுகளில் அவ்வுறுப்புகளையே இங்கே செய்யக் கற்றுக்கொண்டன. 1967-இல் ரெட்டிச் ஆலை மூடப்பட்டது. 1970-இல் பிராட்ஃபர்ட்-ஆன்-ஏவனில் எஞ்சியிருந்த உற்பத்தியும் நின்றுபோயிற்று. பிறந்த நாட்டில் அணைந்துவிட்ட ஒரு தொழிற்கலை வடசென்னைக் கடற்கரையில் தொடர்ந்து வாழ்ந்தது. வார்ப்பிரும்பு எஞ்சின் விடைபெறும் வரையில், அதாவது அரை நூற்றாண்டுக்கும் மேலாக, அந்த ஸ்விங் ஆர்ம் அமைப்பு அடிப்படையில் மாறாமலே நம் தொழிலாளிகளின் கையால் உருவாகி வந்தது. ஆகவே நீங்கள் இன்று புல்லட்டின் பின்சட்டத்தை அறுக்கும்போது, எங்கோ யாரோ செய்த இரும்பை அறுக்கவில்லை. திருவொற்றியூரின் ஒரு தலைமுறை செய்து வைத்ததையே அறுக்கிறீர்கள்.

நீங்கள் ஆதர்சமாகக் கொண்டிருக்கும் அமெரிக்க வண்டியின் கதையையும் இதனோடு சேர்த்துப் பார்ப்பது நலம். ஹார்லி டேவிட்சன் கம்பெனி தன் பெரிய வண்டிக்கு எண்ணெய் ஃபோர்க்கை முன்புறத்தில் வைத்து ஹைட்ரா கிளைடு என்று பெயரிட்டதும் இதே 1949-இல்தான். ஆனால் அதன் பின்சக்கரம் அசைவற்றே இருந்தது. ஸ்விங் ஆர்மும் பின் ஷாக்குகளும் அங்கே வந்து சேர, டியோ கிளைடு என்ற பெயரோடு 1958 பிறக்க வேண்டியிருந்தது. 1969-இல் வெளிவந்த ஈஸி ரைடர் திரைப்படத்தில் உலக இளைஞர்களை மயக்கிய அந்த நீண்ட ஃபோர்க் வண்டி, பின்புறம் வில்லில்லாத பழைய ஹார்லி சட்டங்களின் வழியில் வந்தது. அதற்கு அசைவற்ற பின்புறம் பிறவிச் சொத்து; அதன் வலிமையும் எல்லையும் அதைக் கட்டியவர்களுக்குத் தெரிந்தவை. புல்லட்டுக்கோ அது பிறவியில் இல்லாதது மட்டுமன்று, எதை மறுப்பதற்காகப் புல்லட் பிறந்ததோ அதுவே. ஹார்லிக்காரர்கள் ஒன்பதாண்டுகள் கழித்து அடைந்ததை முதலிலேயே பெற்றிருந்த ஒரு வண்டியை, அவர்கள் விட்டு வந்த நிலைக்குப் பின்னோக்கித் தள்ளுவதில் என் மனம் சமாதானம் அடையவில்லை. என்ஃபீல்டிலேயே அசைவற்ற பின்புறம் வேண்டும் என்பவர்களுக்கு 1949-க்கு முந்திய மாடல் ஜி இருக்கிறது. அது கிடைத்தால் போற்றி வையுங்கள்.

சரித்திரத்தின் பேரில் வைக்கும் வேண்டுகோளை உணர்ச்சிவசமான பேச்சு என்று ஒதுக்கிவிட உங்களுக்கு உரிமை உண்டு. யந்திர சாஸ்திரத்தின் பேரில் வைக்கும் வேண்டுகோளை அவ்விதம் ஒதுக்க முடியாது என்பதால், இனி அதற்கே வருகிறேன்.

புல்லட்டின் சட்டத்தை எஞ்சின் இல்லாமல் வெறுமனே நிறுத்திப் பார்த்தவர்கள் அதன் விசேஷத்தை அறிவார்கள். முன்னால் இறங்கும் ஒற்றைக் குழாய் எஞ்சினுக்கு முன்பாகவே முடிந்துவிடுகிறது. அடியில் எஞ்சினைத் தாங்கிச் செல்லும் தொட்டில் கிடையாது. அந்த இடைவெளியை நிரப்பிச் சட்டத்தை முழுமையாக்குவது எஞ்சினும் கியர்பாக்ஸும் அவற்றை இணைக்கும் தகடுகளுமே. அதாவது எஞ்சின் இங்கே வெறும் சுமையாக இருப்பதில்லை. சட்டத்தின் ஓர் உறுப்பாக நின்று விசையைத் தாங்குகிறது. எஞ்சினைக் கழற்றி வைத்துவிட்டு, சட்டத்தைத் தரையில் படுக்கவைத்து, பின்பகுதியை அறுத்து வெல்டிங் செய்தால் என்ன நேரும்? உலோகம் சூட்டில் விரிந்து, ஆறும்போது சுருங்கி இழுக்கும். அந்த இழுப்பைத் தடுக்க அடியில் ஒன்றும் இல்லாததால் முன்குழாயும் ஆசனக்குழாயும் ஒன்றையொன்று நெருங்கியோ விலகியோ நின்றுவிடும். பிறகு எஞ்சின் போல்ட்டுகள் துளைக்குள் இறங்க மறுக்கும்போது, நெம்புகோலால் நெருக்கி இறக்குகிறார்கள். அந்த நெருக்கம் முழுவதும் எஞ்சின் கூட்டின் அலுமினியக் காதுகளில் நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. சட்டத்தை ஜிக்கில் பூட்டாமல், அல்லது குறைந்தபட்சம் பயனற்றுப்போன பழைய எஞ்சின் கூடு ஒன்றையாவது அதனிடத்தில் போல்ட் செய்து நிறுத்தாமல், அதன்மேல் வெல்டிங் முனையைக் கொண்டுபோகும் எந்தப் பட்டறைக்காரரிடமும் உங்கள் வண்டியை ஒப்படைக்காதீர்கள்.

வெல்டிங் நன்றாகவே அமைந்தது என்று வைத்துக்கொள்வோம். சாலையின் அடி எங்கே போகிறது என்பது அடுத்த கேள்வி. ஷாக்கின் வேலை ஓட்டுபவனின் முதுகைக் காப்பது மட்டுமே என்று பலர் கருதுகிறார்கள். ஆகவே ஆசனத்துக்கு அடியில் இரண்டு சுருள்வில்களைப் பொருத்திவிட்டால் கணக்கு நேராகிவிட்டது என்று எண்ணுகிறார்கள். அந்த வில்கள் முதுகைக் காக்கும் என்பது உண்மைதான். சட்டத்தையும் பிடிப்பையும் அவை காப்பதில்லை. வேகத்தடையில் ஏறி இறங்கும் சக்கரம், ஸ்விங் ஆர்ம் இருந்தபோது தான் மட்டும் எழுந்து, வில்லின் அழுத்தத்தால் உடனே தரையைத் தேடி வந்தது. இப்போதோ எழும்போது வண்டியின் பின்பாதி முழுவதையும் தூக்கிக்கொண்டே எழ வேண்டும், இறங்கும்போதும் அந்தப் பாரத்தோடேயே விழ வேண்டும். தரையில் படாத கணத்தில் சக்கரத்துக்குப் பிரேக்கும் இல்லை, இழுவையும் இல்லை. வளைவில் சாய்ந்து திரும்பும்போது சாலையில் ஒரு மடிப்பு வந்தால் பின்புறம் பக்கவாட்டில் அடியெடுத்து வைப்பது இதனால்தான். வழுவழுப்பான நெடுஞ்சாலையில் மெல்ல ஓட்டிக் காட்டும் படங்களில் இது தெரிவதில்லை. மழைக்குப் பிந்திய நம் நகரத் தெருக்களில் முதல் நாளே தெரிந்துவிடும். ஒவ்வோர் அடியும் இறுதியில் போய்ச் சேருமிடம் நீங்கள் புதிதாக ஒட்டவைத்த அந்த இணைப்புகளே.

இணைப்பைப் பற்றிப் பட்டறைத் தோழர்களோடு சற்று விரிவாகப் பேச விரும்புகிறேன். ஏனெனில் கைத்திறனில் நீங்கள் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர், உங்களுக்குக் குறைவாகக் கொடுக்கப்படுவது அவகாசம் மட்டுமே. அக்காலத்து ஆங்கிலச் சட்டங்கள் பலவற்றில் குழாய்கள் நேரடியாக ஒன்றோடொன்று வெல்டிங் செய்யப்படவில்லை; வார்ப்பு மூட்டுகளுக்குள் குழாயைச் செருகி, பித்தளையை உருக்கி ஓடவிட்டு இணைத்தார்கள். அத்தகைய வார்ப்பு மூட்டின்மேல் மின்வில் வெல்டிங்கைச் செலுத்தினால், உருகிய இடத்தை அடுத்த பகுதி கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மை அடைகிறது. பழைய பித்தளையும் கலந்துவிட்டால் இணைப்பு வெளியே பளபளக்க, உள்ளே வெடிப்பு தொடங்கிவிடும். மூட்டிலிருந்து விலகி, குழாயின் நடுவில் இணைப்பதே முறை. அதுவும் இரண்டு முனைகளையும் முட்டவைத்துச் சுற்றிலும் ஒட்டுவதால் போதாது. உள்ளே இறுக்கமாகப் பொருந்தும் குழாய்த்துண்டு ஒன்றைச் செருகி, துளைகளின் வழியே அதையும் பற்றவைத்து, சேரும் குழாயின் வாயை மீன்வாய்போல வெட்டி, இணைப்புக்கோடு குழாயைச் சுற்றி ஒரே வளையமாக முடியாமல் நீண்டு சரியும்படி அமைக்க வேண்டும். இவ்வளவு பிரயாசைப்பட்டுச் செய்த வெல்டிங்கின் மேட்டைக் கிரைண்டரால் தேய்த்துச் சமப்படுத்தி, அதன்மேல் பட்டி பூசி, வர்ணம் அடித்து மறைப்பது இன்று வழக்கமாகிவிட்டது. தேய்க்கப்பட்ட மேடு இணைப்பின் பலத்தில் ஒரு பங்கு. பூசப்பட்ட பட்டியோ பின்னாளில் தோன்றும் வெடிப்புக்குப் போர்வை. இணைப்பு கண்ணுக்குத் தெரியட்டும். திறமையான வெல்டிங்கின் வரிசையான அலைகளைக் காட்டிலும் அழகான அலங்காரம் அவ்விடத்துக்கு வேறில்லை.

ஹார்ட்டெயிலை விரும்பாமல், ஸ்விங் ஆர்மை நீட்டியும் ஷாக்கை உயர்த்தியும் திருப்தி அடைபவர்கள் வேறொரு கூட்டத்தார். இவர்கள் தம் மாற்றத்தைச் சிறியதென்று நினைக்கிறார்கள். பழைய புல்லட்டின் இரண்டு அச்சுகளுக்கும் இடையே உள்ள தூரம் சுமார் 1370 மில்லிமீட்டர். பின்புறத்தை 24 மில்லிமீட்டர் உயர்த்தினால் வண்டி முழுவதும் ஏறத்தாழ ஒரு பாகை முன்னோக்கிக் கவிழ்கிறது. ஃபோர்க்கின் சாய்வும் அதே அளவு நிமிர்கிறது. ஹாண்டிலைத் தானாகவே நேராக்கும் டிரெயில் என்ற அளவு ஆறேழு மில்லிமீட்டர் குறைகிறது. இரண்டங்குல நீளம் கூடிய ஷாக்கைக் கடையில் எடுத்து மாட்டியவர், வேகத்தில் ஹாண்டில் பதறுகிறது என்று ஸ்டீயரிங் பேரிங்கை மாற்றிக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். நோய் பின்னால் இருக்கிறது, மருந்து முன்னால் போடப்படுகிறது.

ஸ்விங் ஆர்மை நீட்டுவதிலும் இப்படி ஒரு மறைபொருள் உண்டு. ஷாக்கின் கீழ்முனையை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு ஆர்மைப் பத்தில் ஒரு பங்கு நீட்டினால், சக்கரத்தில் உணரப்படும் வில்லின் விறைப்பு பத்தில் ஒரு பங்கு குறையும் என்றே எல்லோரும் எண்ணுவர். அது நெம்புகோல் விகிதத்தின் வர்க்கத்தால் குறைகிறது: 1.1-இன் வர்க்கம் 1.21, ஆகவே பழைய விறைப்பில் சுமார் 83 சதவிகிதமே எஞ்சும். பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டதும் வண்டி அடிதட்டுகிறது. உடனே ஷாக்கின் அடியிலுள்ள படியைத் திருப்பி வில்லை இறுக்குகிறார்கள். அந்த இறுக்கம் வண்டி நிற்கும் உயரத்தை மாற்றுமே தவிர, வில்லின் விறைப்பை மாற்றாது. வேண்டியது வேறு வில். ஓட்டுபவர் தம் வழக்கமான பாரத்தோடு அமர்ந்திருக்கையில் பின்சக்கரத்தின் மொத்த அசைவில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் அமிழ்ந்திருக்குமாறு பார்த்துக்கொண்டால், பள்ளத்துக்குள் இறங்கவும் மேட்டில் ஏறவும் சக்கரத்துக்கு இடம் இருக்கும்.

செயினையும் மறந்துவிடுகிறார்கள். கியர்பாக்ஸின் பல்சக்கரம் ஸ்விங் ஆர்மின் கீலுக்கு முன்னால் இருப்பதால், சக்கரம் மேலும் கீழும் போகும்போது செயினின் தளர்வு மாறிக்கொண்டே இருக்கிறது. பல்சக்கரத்தின் மையமும் கீலும் பின்அச்சும் ஒரே கோட்டில் வரும்போது அது மிக இறுக்கமாகிறது. வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தித் தொங்கும் சக்கரத்தில் தளர்வு பார்த்தால் உண்மை தெரியாது. ஆர்மையோ ஷாக்கையோ மாற்றியவர்கள், ஷாக்கின் கீழ்ப் போல்ட்டைக் கழற்றி, சக்கரத்தைக் கையால் மெல்லத் தூக்கி, அந்த இறுக்கமான நிலையைக் கண்டுபிடித்து, அங்கே சிறிதளவு தளர்வு இருக்குமாறு செயினை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு பள்ளத்திலும் செயின் கியர்பாக்ஸின் பேரிங்கைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருக்கும்.

மோனோஷாக் பற்றி எழுதாமல் இம்மடல் முழுமை பெறாது. இரண்டு ஷாக்குகளைக் கழற்றிவிட்டு ஆசனத்தின் கீழே ஒன்றைப் படுக்கவைப்பதே நவீனம் என்ற எண்ணம் வலுத்திருக்கிறது. உண்மையில் அது நவீனமும் அன்று. பிலிப் வின்சென்ட் என்ற ஆங்கில இளைஞர் 1928-இலேயே, பின்சட்டம் முழுவதையும் ஒரு முக்கோணமாக்கி, ஆசனத்துக்கடியில் வில்லை வைத்துத் தாங்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1973-இல் பெல்ஜியப் பொறியாளர் லூசியன் டில்கென்ஸின் யோசனையை ஏற்று யமஹா செய்த ஒற்றை ஷாக் வண்டியில் ஹாகன் ஆண்டர்சன் 250 சி.சி. மோட்டோகிராஸ் உலகப் பட்டம் வென்றார். ஹார்லியின் 1984-ஆம் ஆண்டு சாஃப்டெயில், ஷாக்குகளைக் கியர்பாக்ஸுக்கு அடியில் ஒளித்துவைத்து, பார்வைக்கு அசைவற்றதாகவும் ஓட்டத்தில் வில்லுள்ளதாகவும் நின்றது. ஹார்ட்டெயிலின் கோட்டையும் புல்லட்டின் அறிவையும் ஒருசேர வேண்டுவோர் ஆராயத்தக்க வழி அதுதான் என்பது என் கருத்து. ஆனால் இந்த மூன்றிலும் சட்டம் அந்த ஷாக்குக்காகவே நிர்மாணிக்கப்பட்டது. நம் புல்லட்டின் ஷாக்குகள் அச்சுக்கு அருகே ஏறக்குறைய செங்குத்தாக நிற்பவை. சக்கரத்தின் பாரத்தைவிடச் சற்றே அதிகமான விசையை இரண்டும் பங்கிட்டுச் சுமக்கின்றன. அந்த இடத்தில், சக்கரம் பத்து மில்லிமீட்டர் எழும்போது நான்கே மில்லிமீட்டர் அமுங்குமாறு ஓர் ஒற்றை ஷாக்கை வைத்தால், பின்சக்கரத்தின்மேல் உள்ள 180 கிலோ பாரத்துக்கு அதன் மேல்முனையில் 450 கிலோ விசை, வண்டி அசையாமல் நிற்கும்போதே, விழுகிறது. பள்ளத்தில் அது பன்மடங்காகும். அந்த முனையை ஆசனக்குழாயின் நடுவில் ஒரு தகட்டை ஒட்டிப் பொருத்துகிறார்கள். குழாய் தன் நீளத்தில் வரும் விசையைத் தாங்கப் பிறந்தது; நடுவயிற்றில் விழும் குத்தைத் தாங்கப் பிறக்கவில்லை. குழாய்கள் கூடும் சந்திப்பில் அம்முனையை அமைக்க முடியாவிட்டால், அந்த வேலையைத் தொடங்காமலிருப்பதே உத்தமம்.

இனி, அறுக்காமலேயே செய்யக்கூடியவை எவ்வளவோ இருக்கின்றன. பழைய புல்லட் பின்னால் ஆடுகிறது, குதிக்கிறது என்று குறை கூறுபவர்களில் பலர் தேய்ந்துபோன ஸ்விங் ஆர்ம் புஷ்ஷோடும், எண்ணெய் வற்றி வெறும் வில்லாகிவிட்ட ஷாக்கோடும் வண்டியை ஓட்டிக்கொண்டிருப்பவர்கள். சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் கையில் தெரிந்தால் புதிய புஷ்ஷை லேத்தில் கடைந்து, கீலுக்குத் துல்லியமாகப் பொருத்துங்கள். இரண்டு சக்கரங்களையும் நூல் பிடித்து ஒரே நேர்கோட்டில் நிறுத்துங்கள். பழைய உயரத்துக்கே பொருந்தும் நல்ல ஷாக்குகளை, உங்கள் எடைக்குரிய வில்லோடு தேர்ந்தெடுங்கள். இத்தனைக்கும் ஆகும் செலவு ஒரு ஹார்ட்டெயில் வேலைக்கு ஆவதில் ஒரு சிறு பகுதியே. இவற்றைச் செய்தபின் ஓட்டிப் பார்த்த பலர் அறுக்கும் எண்ணத்தையே கைவிட்டிருக்கிறார்கள். தாழ்ந்த தோற்றம் வேண்டுமானால் ஒற்றை ஆசனமும் குறுகிய மட்கார்டும் போல்ட்டால் பொருத்தும் தாங்கிகளும் பெருமளவுக்கு அதைக் கொடுக்கும். கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் சீட்டுக் கட்டி வைத்திருங்கள்; சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் சாலைக் கடைகளில் இன்று கிடைப்பது நாளை கிடைக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

சட்டப் புத்தகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த அம்சங்களிலிருந்து பதிவுச் சான்று வேறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளோ ஐம்பது ஆண்டைக் கடந்த வண்டிகளுக்கு வின்டேஜ் என்ற தனிப் பதிவையும் வி.ஏ. என்ற எழுத்துகளோடு கூடிய தனி எண்ணையும் அளிக்கின்றன. சேசிஸிலோ எஞ்சினிலோ கணிசமான மாற்றம் செய்யப்படாமல் பிறந்த வடிவிலேயே வண்டி காக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது அதற்கு நிபந்தனை. திருவொற்றியூரில் 1970-களின் முற்பாதியில் செய்யப்பட்ட புல்லட்டுகள் அந்தத் தகுதியை ஏற்கெனவே அடைந்துவிட்டன. ஒரு பிற்பகல் வேலையில் அந்தத் தகுதி என்றென்றைக்குமாகப் போய்விடும்.

ஏற்கெனவே அறுத்துவிட்டவர்களுக்கும் நான் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. அவர்களைக் கடிந்துகொள்வது என் நோக்கமன்று. உங்கள் வண்டியின் இணைப்புகளின்மேலுள்ள வர்ணத்தையும் பட்டியையும் சுரண்டியெடுத்து, வெடிப்பைக் காட்டும் சிவப்புச் சாயத்தைப் பூசிச் சோதியுங்கள். அதற்கான டப்பாக்கள் வெல்டிங் சாமான் கடைகளிலேயே கிடைக்கின்றன. இணைப்பின் ஓரத்தில் மயிரிழை போன்ற கோடு தென்பட்டால், அதன்மேலேயே மறுபடி வெல்டிங் செய்யாமல், அந்தப் பகுதியை முழுவதும் நீக்கி, ஜிக்கில் பூட்டி, உள்துண்டு வைத்துப் புதிதாக இணையுங்கள். சேசிஸ் எண் பொறித்த இடத்தில் கிரைண்டரை ஒருபோதும் வைக்காதீர்கள். ஸ்விங் ஆர்மையும் ஷாக்குகளையும் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டிராவிட்டால், அவற்றைத் துடைத்து எண்ணெய் தடவி வண்டியின் காகிதங்களோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். என்றேனும் வண்டியை விற்க நேர்ந்தால், எங்கே அறுத்தீர்கள், எதைக்கொண்டு இணைத்தீர்கள், யார் வெல்டிங் செய்தார் என்பதை ஒரு தாளில் எழுதி, அறுப்பதற்கு முன் எடுத்த படம் இருந்தால் அதையும் சேர்த்து, வாங்குபவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

இங்ஙனம்,
தங்கள் நலம் நாடும்
ஒரு புல்லட் அபிமானி